ஆர்வம் இல்லை என்று சொன்னவர்கள்

என் அக்கா அரசியல் அறிவியல் பேராசிரியை. ஊரில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு அறிவதுதான் அவள் தொழில். அத்தானை மட்டும் இதுவரை கேட்டதில்லை.

இளைஞர்களிடம் ஆண்டுதோறும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு அரசியலில் ஆர்வம் உண்டா?" என்பது. பத்தில் எட்டுப் பேர் இல்லை என்பார்கள். அதை வைத்துக் கட்டுரை எழுதினாள், தொலைக்காட்சியில் பேசினாள், பெயரும் வாங்கினாள். கடைசியில் நகர மன்றமும் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆர்வமே இல்லாத பிள்ளைகளுக்கு மன்றத்தில் ஓர் இளைஞர் ஆலோசனைக் குழு எதற்கு, கலைத்துவிடலாம் என்று தீர்மானம் தயாரானது. அக்கா வந்து 'ஆமாம்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கூட்டத்தன்று காலை நான் அவள் வீட்டில் இருந்தேன். அவள் மகள் சாப்பிட்டபடியே போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரி வழியே ஓடிய பேருந்தை நிறுத்திவிட்டார்களாம், திரும்ப விடச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறாளாம்.

"பரவாயில்லையே, அரசியல்ல இறங்கிட்டியா?" என்று சீண்டினேன்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சும்மா இருங்க மாமா. நான் யார்கிட்டயும் அரசியல் பண்ணல. பஸ் வேணும்னு கேக்கறேன், அவ்வளவுதான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அரசியல்னா என்னன்னு நினைக்கிறே?"

"கோள் சொல்றது, ஆள் சேத்துக்கிட்டு ஒருத்தரக் கவுக்கறது. எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர் பண்ணுவாங்க. உன் கேள்வி எங்க காலேஜுக்கும் வந்துச்சும்மா. நானும் இல்லைன்னுதான் போட்டேன்."

அக்காவுக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

மன்றத்தில் எழுந்து, "என் கேள்வியே தப்பு" என்றாள். 'அரசியல்' என்ற சொல்லைப் பிள்ளைகள் சூழ்ச்சி என்றுதான் புரிந்துகொள்கிறார்கள், அவர்கள் சொன்ன 'இல்லை'யை நம்பி எதையும் கலைக்காதீர்கள் என்றாள். இத்தனை வருடப் பெயரைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாளே!

தலைவர் முகம் கடுகடுத்தது. "மேடம், கடைசி நேரத்துல வந்து இதுல அரசியல் பண்ணாதீங்க."

"இதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றாள் அக்கா.

தலைவரைத் தவிர எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள்.

வெளியே வந்ததும் சபாஷ் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கறை இல்லாத பசங்கன்னு ஊரெல்லாம் சொன்னது நான்தானேடா. அதுல எம் பொண்ணும் இருந்திருக்கா."