சோபாவை வெளியே போட்ட வீடு

“...இன்னும் உள்ளதான் வச்சிருக்காங்களா, இல்ல எடுத்துட்டாங்களாம்மா?” என்று அந்த அம்மாள் வாசல் கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். துக்கத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் குரல். பந்திங்கிலிருந்து கார் ஏறி வந்தவர். மாப்பிள்ளைப் பையனுக்குப் பெரியம்மா. வந்தது என் தம்பி மகளைப் பெண் கேட்க. கேட்டது பிணத்தை.

அவர்மேல் தப்பே இல்லை. தப்பு டென்மார்க்கின் மேல். அதைப் பூச்சோங் வரைக்கும் இழுத்து வந்த என் தம்பி மனைவியின் மேலும்.

அதற்கு ‘ஹூகே’ என்று பெயராம். ஏதோ ஒரு மாலின் மேல்மாடியில் ஒருநாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து எனக்குப் போன் பண்ணினாள். “வீட்ட மனசுக்கு எதமா வச்சிக்கிறது அண்ணி. வரவங்களுக்கு அப்படியே கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கணும். டென்மார்க்ல எல்லாரும் இப்படித்தான் சந்தோஷமா இருக்காங்க.” வகுப்பெடுத்தவள் எந்த ஊர் என்று கேட்டேன். இங்கே இருக்கிற செலாயாங்காம். பனியைக் குளிர்பெட்டிக்குள் பார்த்தவள், பனிநாட்டு வாழ்க்கையைச் சொல்லித் தருகிறாள். இவள் நோட்டில் எழுதிக் கற்றுக்கொண்டு வருகிறாள்.

டென்மார்க்காரனை நான் குறை சொல்லவில்லை. அவன் ஊரில் குளிர்காலம் வந்தால் சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிடுமாம். பாவம், மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, கம்பளிக்குள் ஒடுங்கி, இதுதான் சுகம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். நமக்கென்ன கேடு? துவைத்துப் போட்ட சட்டை மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும் ஊர் இது. தம்பி மனைவி என்ன செய்தாள் தெரியுமா? கம்பளி வாங்கினாள். கம்பளி போர்த்தக் குளிர் வேண்டுமே, அதற்காக ஏர்கோனை முழுக்கத் திருகினாள். ஏர்கோன் போட்டால் கதவைச் சாத்த வேண்டும். சாத்திய ஹாலில் ஏலம், பட்டை வாசனை மெழுகுவர்த்தி. டிவியில் விறகு எரிகிற படம், மணிக்கணக்கில் அதே விறகு, அதே நெருப்பு. வெளியே நிஜ மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலைச் சாத்திவிட்டு, போனில் மழைச் சத்தம் வைத்துக் கேட்டாள். நான் கண்ணால் பார்த்தேன்.

வருகிறவர்கள் போட்டுக்கொள்ள ஒரு கூடை நிறையக் கம்பளிக் காலுறை வேறு. இதை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ப்ளாட்டின் கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அந்த அக்கா வாயைத் திறந்தால் நான் வேலையைப் போட்டுவிட்டு நிற்பேன், அப்படி ஒரு வாய். மீன் அலசிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “பூச்சோங்ல பனி விழுதா? பேப்பர்ல போடவே இல்லயே!”

என் தம்பி மகள்தான் பாவம். அவளும் அந்தப் பையனும் கிள்ளானில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். பையன் தங்கம். பையனுடைய அம்மாதான் சகுனக்காரி. மூத்தவனுக்குப் பெண் பார்க்கப் போன வழியில் டயர் வெடித்ததென்று, பெண் வீட்டு வாசலைக்கூடப் பார்க்காமல் காரைத் திருப்பியவர். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. இந்தப் பெண்ணுக்கும் அவர் இன்னும் அரைமனசுதான். வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தார். “அத்தை, அவங்கம்மா உள்ள வந்து ஒக்காந்துட்டா போதும். மத்தத நான் பாத்துக்குவேன்,” என்று தம்பி மகள் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவள் தன் அம்மாவிடம் கெஞ்சினாள்: “எப்பயும் போல இருக்கட்டும்மா, ப்ளீஸ்லா.” அம்மா கேட்டால்தானே.

பெண் கேட்டு வரும் அன்று நான் மத்தியானமே போய்விட்டேன். நல்ல மரத்தில் செய்த பழைய சோபா செட்டு வாசல் போர்ச்சில் கிடந்தது. “அது ரொம்ப கனமா தெரியுது அண்ணி. மனசு அடங்க மாட்டேங்குது,” என்றாள் தம்பி மனைவி. வேண்டாமென்று தூக்கிப்போக வரவேண்டிய லோரிக்காரன் வரவில்லை. ஹாலில் தரையைச் சுற்றி மெத்தைகள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணி. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம், பட்டமளிப்புப் படம் எதுவும் இல்லை. ஆரஞ்சுத் திரைச்சீலை போய்ச் சாம்பல் நிறத் திரை. சாமி மேடை?

“கதவு சாத்தி வச்சிருக்கேன். கலர் ஜாஸ்தி. கண்ணுக்குத் தொந்தரவு.”

“முருகன் ஒனக்குத் தொந்தரவா?”

“அண்ணி, நீங்க ஆரம்பிக்காதீங்க.”

கேசரி கிண்டவில்லை, வடை சுடவில்லை. பட்டை போட்ட பன்னும் சூடான சாக்லேட்டும். பெண் கேட்டு வருகிறவர்களுக்கு! பந்திங்கிலிருந்து ரோட்டு ஜாமில் மாட்டி, பசியோடு வருகிற ஆட்களுக்கு!

இருட்டத் தொடங்கியதும் எல்லா விளக்கையும் அணைத்தாள். மெழுகுவர்த்தி, டிவியில் எரியும் விறகு, அவ்வளவுதான் வெளிச்சம். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெள்ளைத் துணி மேல் சுவரோடு ஒட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தார்கள். சத்தமாகப் பேசக்கூடாதென்று உத்தரவு, இதம் கெட்டுப்போகுமாம். ஆண்கள் குளிர் தாங்காமல் ஒவ்வொருவராக வெளியேறி, போர்ச்சில் கிடந்த சோபாவில் கைகட்டி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கும் மூக்கு உறைந்துபோய், மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்கிறேன் என்ற சாக்கில் கேட்டருகே வந்து நின்றேன்.

எங்கள் சனங்களிடத்தில் ஒரு வழக்கம். வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலை, ஹாலைக் காலி செய்து சோபாவைத் தூக்கிப் போர்ச்சில் போடுவது. ஆண்கள் அதில் உட்காருவார்கள். பெண்கள் உள்ளே தரையில். சாமி மேடையைச் சாத்திவிடுவார்கள். போர்ச்சில் சோபா கிடந்தால், தெருவில் போகிறவன் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி “யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் நகருவான். தம்பி மனைவிக்கும் இது தெரியும்; அவள் அப்பா போனபோது அவள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஒரு நாள் வகுப்பு அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் துடைத்துவிட்டது.

முதல் கார் வந்து நின்றது. பெரியம்மா மட்டும் இறங்கினார். கைகட்டிய ஆண்களைப் பார்த்தார். நான் சாத்தாமல் வந்த கதவு வழியே வெள்ளைத் துணியையும், தரையில் போர்த்திக்கொண்டு குந்தியிருந்த பெண்களையும், உள்ளே எரிந்த நெருப்பையும் பார்த்தார். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். நேரே என்னிடம் வந்து, எடுத்துவிட்டார்களா என்று கேட்டார்.

“அய்யோ அக்கா! யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க. இதான் பொண்ணு வீடு. இது வந்து... டென்மார்க்ல...”

“டென்மார்க்ல யாரு செத்தா?”

“யாரும் சாகல. அலங்காரம்!”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி வீட்டைப் பார்த்தார். “இதுவா?” என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் வைத்த இகழ்ச்சியை இந்த ஒரு பக்கம் முழுக்க எழுதியும் என்னால் எட்ட முடியவில்லை. பிறகு, முதலில் தன் வாயிலிருந்து வந்த கேள்வி நினைவுக்கு வந்தது போல உதட்டில் விரலை வைத்தார். “என் தங்கச்சி காதுல விழுந்துச்சுன்னா இப்பயே காரத் திருப்பிருவா.”

அதற்குள் இரண்டாவது கார் வந்துவிட்டது. அதில்தான் பையன், பையனுடைய அப்பா, அம்மா, பின்பக்கத்தில் தட்டுகள். கண்ணாடி இறங்கியது. அந்த அம்மா இறங்கவில்லை.

“என்னக்கா ஒரே இருட்டா கெடக்கு?”

“கரண்டு போயிருச்சாம்லா. எறங்கு,” என்றார் பெரியம்மா.

“பக்கத்து வீட்ல எரியுதே?”

“அது வேற லைனு.”

நான் திரும்பி, தொண்டை கிழிய, “லைட்டப் போடுடீ!” என்று கத்தினேன். ஜன்னலோரம் நின்றிருந்த தம்பி மகள், அம்மாவைத் தள்ளிக்கொண்டு ஓடி எல்லா சுவிட்சையும் தட்டினாள். வீடு பளீரென்று எரிந்தது.

“இந்தா, வந்துருச்சு!” என்றார் பெரியம்மா.

கார்க் கதவு பாதி திறந்து நின்றது. “சோபா ஏன்க்கா வெளிய கெடக்கு?”

பையன் பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டான்.

“நம்ம ஆளுங்க நெறைய வருவாங்க, உள்ள எடம் பத்தாதுன்னு எடுத்துப் போட்டிருக்காங்க. மரியாதை தெரிஞ்ச குடும்பம். நீ வாய மூடிட்டு எறங்கு.”

சொல்லிவிட்டுப் பெரியம்மா காரின் பின்பக்கம் போய், இருப்பதிலேயே பெரிய பழத்தட்டைத் தானே தூக்கினார். போர்ச்சில் இருந்தவர்களைப் பார்த்து, “எந்திரிங்கய்யா, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருங்க!” என்று அதட்டினார். சோபாக்களுக்கு நடுவே ஒருக்களித்து நடந்தார். வலது காலை வைத்து, யாரும் வாங்க என்று சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.