குளக்கட்டுப் பிள்ளையார் கடலுக்கும் வந்தார்

என் அண்ணா கடலில் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தார். நான் கணுக்கால் தண்ணீரில் நின்று பிள்ளையாரோடு தேங்காய்ப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பதினொன்று உடைக்கிறேன் என்றேன். பிறகு ஐம்பத்தொன்று என்றேன். பிறகு நூற்றெட்டு என்றேன். அண்ணாவின் தலை சின்னதாகிக்கொண்டே போனது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

அடியார்களே, இதைச் சந்தோசத்தில்தான் எழுதுகிறேன். எனக்குக் கதையை ஒழுங்காகச் சொல்ல வராது, அவசரக்காரி. ஆனாலும் முதலில் இருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் துஷ்யந்தி, வயது இருபத்துமூன்று. ஊர் நானாட்டான் பக்கம். பரம்பரையாக நெல் விதைக்கிற குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு மீன் வாங்குவதோடு சரி. அண்ணா சுதாகர் ட்ரக்டர் ஓட்டுகிறவர். அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். இந்த வருடம் பங்குனியில் காலபோக வெட்டு முடிந்து நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லோரும் சும்மா இருந்தோம். சும்மா இருந்தால் எனக்கு மூளை கெட்ட வழியில்தான் ஓடும்.

தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்குள் மணல்திட்டுகள் வரிசையாக இருக்கின்றன. இந்தியாப் பக்கமாகப் போகப் போக நம் ஃபோன் சிக்னல் செத்து இந்திய சிக்னல் விழும், இந்தியாவுக்கு நல்வரவு என்று மெசேஜும் வரும். யாரோ பொடியன்கள் அதை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கும் அது வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. அண்ணா இரண்டு தரம் மாட்டேன் என்றார். மூன்றாம் தரம் நான் வாயை விட்டேன். "உங்களுக்குச் சேத்துக்குள்ள ட்ரக்டர் ஓடத்தான் தெரியும். கடல் எண்டா பயம், அதைச் சொல்லுங்கோவன்." பயந்தவர் என்ற சொல்லை அவர் தாங்க மாட்டார். அது தெரிந்துதான் சொன்னேன்.

மாமாவின் மகன் குமரனும் சேர்ந்துகொண்டான். அவனுக்குத் தலைமன்னாரில் யூட் என்றொரு கூட்டாளி, கடற்தொழில் செய்கிறவன், சின்ன பைபர் படகு வைத்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு ஒரு கலியாண வீடு. படகை மட்டும் தந்தான், கரையோரமாக ஓடிப் பார்க்கச் சொல்லி. ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை மேலே தூக்கி, கீழே விழாமல் கொளுக்கி போட வேண்டும், எங்கே இறங்கினாலும் நங்கூரம் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குமரன் ஓம் ஓம் என்று தலையாட்டினான். எதுவும் காதில் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் சொன்னது வேறு. ட்ரக்டர் பெட்டிக்கு டயர் பார்க்க மன்னார் டவுனுக்குப் போகிறோம் என்று நான்தான் அண்ணியிடம் சொன்னேன், முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காலை என் வாழ்க்கையிலேயே நல்ல காலை. கடல் சிமெந்துத் தரை மாதிரிக் கிடந்தது. அண்ணா எஞ்சினைப் பிடித்திருந்தார், பயம் எங்கேயோ போய்விட்டது, சின்னப் பிள்ளை போலக் கத்தினார். முன்னால் இருந்து நானும் தொண்டை கிழியக் கத்தினேன். உயிர்காப்பு அங்கி ஒருவரும் போடவில்லை. முதல் திட்டை விட்டோம், இரண்டாவதையும் விட்டோம். மூன்றாவது திட்டுக்குக் கிட்டப் போகும்போது ஃபோன் டிங் என்றது. மெசேஜ் வந்துவிட்டது. மூன்று பேரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் படகு கவிழப் பார்த்தது.

இனித்தான் எங்கள் வயல்காரப் புத்தி. குமரன் எஞ்சினை மேலே தூக்கிவைத்தான், கொளுக்கியை மறந்தான். அண்ணா படகின் மூக்கை இழுத்து மணலில் ஏற்றினார். நங்கூரம் என்று நான் கேட்டதற்கு, மணலில் ஏற்றிய படகு எங்கே போகப் போகிறது என்று சிரித்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் குளத்தில் மாலையில் வள்ளத்தை ஏற்றி வைத்தால் விடியவும் அதே இடத்தில்தான் இருக்கும். குளத்தில் மழை பெய்தால் தண்ணீர் ஏறும், மதகுத் துருசைத் திறந்தால் இறங்கும். மழை இல்லாமல், வெயில் எறிக்க எறிக்கத் தண்ணீர் தானாக ஏறும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திட்டின் மறு முனைக்கு நடந்து போய் வீடியோ எடுத்தோம். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் படகு மணலில் இல்லை, தண்ணீரில் நின்றது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அண்ணா ஓடிப்போய்ப் பாய்ந்தார்.

குளத்தில் அவரை நீந்தி வெல்ல எங்கள் ஊரில் ஆளில்லை. ஆனால் இது ஓடுகிற தண்ணீர், கடற்காரர் நீவாடு என்று சொல்கிற நீரோட்டம். படகு அவரைவிட வேகமாகப் போனது. பாதியில் அவர் திரும்பப் பார்த்தார். கையைக் காலை அடிக்கிறார், எங்கள் பக்கம் ஒரு முழம்கூட வரவில்லை. குமரனுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. ஃபோனை எடுத்தால் இந்திய சிக்னல், அதில் எங்கள் சிம்மால் ஒரு அழைப்பும் எடுக்க முடியவில்லை. நின்ற மணலும் கரைந்து கணுக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஐயோ, அண்ணிக்கு நான் என்ன சொல்வேன்.

அப்போதுதான் அந்தத் தேங்காய்ப் பேரம். நூற்றெட்டில் வந்து நின்றபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. என் வாயால் போன மனுசனைத் தேங்காயால் மீட்கப் பார்க்கிறேன். எங்கள் குளக்கட்டில் அரசமரத்தடியில் இருக்கிறவரை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுக் கத்தினேன்.

"பிள்ளையாரே, நான்தான் கூட்டி வந்தனான். நான்தான் பொய் சொன்னனான். அண்ணாவைத் தா. ஊர்ச்சனத்துக்கு முன்னால நானே சொல்லுறன், ஒண்டும் ஒளிக்க மாட்டன்."

குமரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், அவனே சாட்சி. கண்ணைத் திறந்தேன். படகு நின்றது. நட்டுவைத்த கம்பு போல ஒரே இடத்தில் நின்றது. மூக்கு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. நீரோட்டம் மட்டும் நிற்கவில்லை, அது அண்ணாவை இழுத்துக்கொண்டே போனது. அந்தப் படகு நின்ற இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. அவர் கை படகின் விளிம்பைப் பிடித்ததைக் கண்டதும் தண்ணீரிலேயே இருந்து அழுதேன், சிரித்தேன், குமரனுக்கு இரண்டு அடியும் போட்டேன்.

அண்ணா கன நேரம் தொங்கிக்கொண்டு கிடந்து, பிறகுதான் ஏறினார். தடியை ஊன்றிப் படகை விடுவித்தார். எஞ்சின் ஐந்தாவது இழுவையில் பிடித்தது. எங்களுக்குக் கிட்ட வந்து சேரும்போது தண்ணீர் எங்கள் முழங்காலைத் தாண்டியிருந்தது.

கரையில் யூட் கலியாண உடுப்போடு நின்று கிழித்தான். திட்டி முடித்து எஞ்சினைக் குனிந்து பார்த்தான். அதன் அடிப்பகுதி முழுக்கச் சேறும் மணலும், விசிறியில் ஒரு இதழ் உடைந்திருந்தது. "கொளுக்கி போட இல்லையோ?" என்று கேட்டான். குமரன் தலை குனிந்தான். "போட்டிருந்தா எஞ்சின் தூக்கினபடி நிண்டிருக்கும், படகு போயிருக்கும். அலையில எஞ்சின் கீழ விழுந்து நிலத்தில குத்தினபடியாத்தான் படகு நிண்டிருக்கு." சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். நான் பிள்ளையாருக்குக் குட்டிக் கும்பிட்டேன்.

கேட்ட வரம் கிடைத்தது. சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேனோ? இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பயப்படுத்தாதே என்று அண்ணா சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டேன். நூற்றெட்டுத் தேங்காயை உடைத்துக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். ஐயர் என்ன நேர்த்திக்கடன் என்று கேட்டார், வேலை கிடைக்க என்றேன். கோயிலுக்குள் நின்றே பொய். அதோடு வீடியோவையும் போட்டேன், கத்துகிறதும் குதிக்கிறதும் மட்டும்.

மூன்று கிழமை கழித்து எங்கள் ஊர்ப் பொடியன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திட்டுக்குப் போகிறார்களாம், எங்கோ ஒரு படகும் பிடித்தாயிற்றாம். ஒருவன் கேட்டான், "அக்கா, நங்கூரம் எல்லாம் தேவையில்லைத்தானே? உங்கட வீடியோவில மணலில சும்மாதானே ஏத்தி விட்டிருக்கு."

அண்ணாவை எனக்குத் தந்தவர் இந்த நாலு பேரையும் என் கையில் வைத்துக் கேள்வி கேட்கிறார் என்று விளங்கியது. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் ஒருவரும் எழும்பிப் போகாதீர்கள் என்று சொல்லி, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொய், சீண்டல், கொளுக்கி, நங்கூரம், தேங்காய் வரைக்கும். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அண்ணி மட்டும் எழுந்து கிட்ட வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"இவர் வராமல் விட்டிருந்தா நான் எங்க தேடியிருப்பன் துஷி? டயர் கடையளில எல்லோ விசாரிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்."

அதைவிட அடித்திருக்கலாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கால் வீங்கியிருக்கிறது, வந்து அமுக்கிவிடு என்று கூப்பிட்டார். ஓடிப்போனேன்.

அந்தப் பொடியன்கள் திட்டுக்குப் போனார்கள். போகாதே என்றால் அந்த வயதில் யார் கேட்பார்கள்? ஆனால் யூட்டையே கூட்டிக்கொண்டு, அங்கி போட்டு, நேவியிடம் பதிந்து, தாய் தகப்பனுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் போனேன். நங்கூரத்தை நானே தூக்கிப் போட்டேன், கயிற்றை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் கொளுக்கியையும் நானே போட்டேன். அவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கடல் அன்றைக்கும் அவ்வளவு வடிவு.

இளம் பிள்ளைகளே, கடலுக்குப் போங்கள், நான் மறிக்கவில்லை. தெரிந்தவனோடு போங்கள். போகிற இடத்தை வீட்டில் உள்ளபடி சொல்லிவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகும் கை மீறினால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். குளத்துச் சாமிக்குக் கடல் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஆனால் பேரம் பேசாதீர்கள், உள்ளதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

அண்ணிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. இப்போது பக்கத்து அறையில் அண்ணா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் படிக்கிறார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. படிக்கட்டும் பிள்ளையாரே, நல்லாய்ப் படிக்கட்டும்.