பதினாறு பேருக்குச் சமைத்த நாள்

அயோவாவில் ஹார்ம் வெஸல்ஸ் மனிதர்களோடு பேசியதைவிடக் குதிரைகளோடு பேசியது அதிகம். ஆனாலும் அவர் நம்பியது மனிதர்களைத்தான். குதிரைகள் என்றால் கட்டின முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

அப்பா விட்டுப்போன எண்பது ஏக்கர். ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயில் உடுப்போடு வயலில் மண்டியிட்டுக் கறுப்பு மண்ணை நசுக்கி முகர்வார்.

"இன்னொரு ஜெபமா?" என்பாள் மனைவி டீனா.

"கோயில்ல பண்ணினது சரியா வந்துச்சான்னு பாக்குறேன்."

"கால்சட்டைய நீயே துவைச்சுக்கோ."

யுத்தம் முடிந்ததும் அக்கம்பக்கத்தார் டிராக்டருக்கு மாறினார்கள். ஹார்ம் தன் நான்கு பெண்குதிரைகளோடு நின்றுவிட்டார். ஆனால் கதிரடிக்கும் மிஷின் ஐந்து குடும்பத்துக்கும் பொது. கெர்ட் ஆல்பர்ஸின் கொட்டகையில் இருந்தது. போன வருஷம் கடைசியாக அடித்த வீடு இந்த வருஷம் முதல் வீடு. அந்தக் கணக்கில், நாற்பத்தாறாம் வருஷம் ஜூலையின் கடைசித் திங்கள் ஹார்மின் முறை. ஓட்ஸை அறுத்துக் கட்டுகளாக வயலெங்கும் நிறுத்திவைத்தார். மற்றவர் வயல்களில் ஒரு கதிர்கூட அறுபடவில்லை. சோம்பல் என்று நினைத்து அவர்களுக்காக இரக்கப்பட்டார்.

முந்தின நாள் மாதாகோயில் வாசலில் கெர்ட் விசாரித்தார்: "ஓட்ஸ் எப்படி?"

"நல்லா முத்தியிருக்கு. நாளைக்குத்தான் பாக்கப் போறியே."

கெர்ட் அண்ணாந்து பார்த்தார். "மழை வரும்போல."

கெட்ட சேதியை முகத்துக்கு நேரே சொல்வது அந்தப் பக்கத்தில் மரியாதைக் குறைவு; பேச்சை வானத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஹார்முக்கும் அது அன்று உறைக்கவில்லை.

டீனா பதினாறு பேருக்குச் சமைத்தாள். எட்டுக் கோழி, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஏழு 'பை'. மத்தியானம்வரை ஒருவரும் வரவில்லை. ஹார்ம் வண்டி பூட்டிக் கெர்ட் வீட்டுக்குப் போனார். கொட்டகையில் சிவப்பாக ஒரு புது மிஷின் நின்றது. அறுப்பதும் அடிப்பதும் அதுவே.

"பழசு எங்க?"

"மார்ச்சுலயே வித்தாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அடுத்த பண்ணை டர்க் சொல்லுவான்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு அவன் இருந்திருக்கான்."

"வாராவாரம் கோயில்ல பக்கத்துல நின்னு பாட்டுப் பாடினியே, கெர்ட்."

"சொன்னா மனசு கஷ்டப்படுவே. உன்னை ஒண்ணும் விட்டுடல. பழசை வித்ததுல உன் பங்கும் இதுலதான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இது நிக்கிற பயிரைத்தான் அறுக்கும். இழுக்க டிராக்டரும் வேணும்."

"அப்ப எனக்கு இது எதுக்கு?"

கெர்ட் மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். இந்தத் தடவை மேகம் நிஜமாகவே இருந்தது.

நனைந்தால் கட்டு முளைவிடும். ஓட்ஸ் போனால் குளிர்காலத்தில் குதிரைகளுக்குத் தீனி இல்லை. குதிரை இல்லாமல் எண்பது ஏக்கரை உழ முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் கட்டுகளை விடாமல் வண்டியில் ஏற்றி, மழைக்கு ஒரு மணி நேரம் முன்னால் கடைசிக் கட்டைப் பரணில் சேர்த்தார்கள். அந்தக் குளிர்காலம் அடிக்காத கதிரையே குதிரைகள் வைக்கோலோடு தின்றன. குறை சொல்லவில்லை.

"ஆப்பிள் பை நாலு மிச்சம் இருக்கு. கெர்ட் வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று மழை விழுந்த ராத்திரி டீனா கேட்டாள்.

"ஃபிளாராவுக்கு ஆப்பிள் பிடிக்கும்," என்று தட்டோடு குதிரை லாயத்துக்குப் போனார்.

ஜனவரியில் பனி இடுப்பளவு விழுந்தது. டிராக்டர்கள் படுத்துவிட்டன. பால் கேன்களை ஊர்ப் பால் நிலையத்துக்குச் சேர்க்க வழியில்லாமல் கெர்ட் நடந்தே வந்தார். ஹார்ம் மறுபேச்சில்லாமல் சறுக்குவண்டியைப் பூட்டினார். பாதி வழியில் கெர்ட் தொண்டையைச் செருமினார்.

"ஹார்ம், அந்த ஜூலை விஷயம்..."

"இன்னும் கொட்டும்போல," என்றார் ஹார்ம்.

அதற்குப் பிறகு ஹார்ம் பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். கெர்ட்டிடம் மழை, வெயில், பனி தவிர வேறொன்றும் பேசவில்லை. சவ அடக்கத்தன்று கெர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீனாவிடம் சொன்னார்: "எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபமும் வந்ததில்ல."

டீனா ஜன்னலைப் பார்த்தாள். "காத்து திரும்பிடுச்சு," என்றாள்.