கொரொய் சுட்ட சுவரொட்டி

ஃபிஜித் தீவின் தலைநகர் சுவாவில் என் அக்கா வசிதியின் தொழில், கம்ப்யூட்டரில் சுவரொட்டி, கடைப்பலகை, சோப்பு உறை எல்லாம் வடிவமைப்பது. ஆற்றுத் திருவிழாக் குழுவின் செயலாளர் கொரொய் கேட்டதற்காக, துடுப்புப் போடும் ஒரு பெண்ணை வரைந்தாள். அவள் தலைமுடியே அலையாகி ஆறு முழுக்க விரியும். எதைப் பார்த்தாலும் நக்கலடிக்கிற நானே வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து தடவை சிவப்பை மாற்றச் சொல்லி, கோப்பையும் வாங்கி வைத்துக்கொண்ட கொரொய் கடைசியில் உதட்டைப் பிதுக்கினான். "ஒட்டலையே, தவுவு. சின்னப்புள்ள கிறுக்கின மாதிரி இருக்கு. வேற ஆளப் பாத்துக்கறோம்."

எங்கள் ஊரும் அவன் ஊரும் தவுவு, அதாவது ஒரே குலதெய்வத்தின் வழி வந்தவை. தவுவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஒருவர் பொருளை மற்றவர் கேட்காமலே தூக்கிப் போகலாம். கோபப்படுகிறவனுக்குத்தான் அவமானம். அதனால் அக்கா சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை மூடித் துணி போட்டாள். துணி இஸ்திரி போடுவதைக்கூட ரொம்பக் கவனமாகச் செய்ய ஆரம்பித்தாள். பார்க்கவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, அக்காவைப் போலவே வடிவமைப்பு வேலை செய்யும் பிரணீத்தின் கார் கொட்டகையில் யங்கோனா, அதாவது வேரை இடித்துக் கரைத்த பானம். எங்கள் பக்கத்தில் படம் பிடிக்கிறவர்கள், பலகை எழுதுகிறவர்கள், பனியனில் அச்சடிக்கிறவர்கள் எல்லாம் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து, கஸ்டமர்களைத் திட்டித் தீர்க்கும் நாள் அது. வறுத்த பட்டாணி கிடைக்கும் என்பதால் நானும் போவேன்.

"திங்கக்கிழமைலேர்ந்து சூப்பர்மார்க்கெட் கல்லாவுல உக்காரப் போறேன்," என்றாள் அக்கா. "இது நமக்கு வராது."

 அவளைச் சிரிக்க வைக்கப் பிரணீத் லேப்டாப்பைத் திறந்தான்.

"இதப் பாருங்க, சிரிப்பு வரும். கலர மட்டும் மாத்திக் குடுன்னு ஒருத்தன் அனுப்பியிருக்கான். வரைஞ்ச புண்ணியவான் படத்தோட ஒவ்வொரு லேயர் அடுக்குக்கும் பேரு வச்சிருக்கான் பாரு. 'கொரொய் கேட்ட அஞ்சாவது சிவப்பு'. 'இந்த மண்டைக்கு இது போதும்'. 'மறுபடி மாத்தச் சொன்னா ஆத்துல தள்ளுவேன்'."

கொட்டகையே குலுங்கியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அது என்னோடது."

பிரணீத்தின் முகம் செத்துப்போனது. "அடக் கடவுளே. சத்தியமா எனக்குத் தெரியாது, வசிதி. நான் இதத் தொட மாட்டேன்."

அவள் அங்கேயே கொரொய்க்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நல்லா இல்லேன்னு சொன்னியே, தவுவு?"

"நல்லா இருக்குன்னு சொன்னா நீ தலமேல ஏறிக்குவியே!" அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தவுவோட பொருள் என் பொருள்தானே? கோவமா?"

போனை வைத்தாள். ஒரு வாரமாக அவளைத் தின்றது கோபமே இல்லை, வெட்கம். தன் கை சரியில்லை என்று நம்பியிருந்தாள் அந்தப் பாவி மகள். நான் பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

பிரணீத் மறுத்ததும் கொரொய் அன்றிரவே தன் மருமகனை வைத்துக் கலரை மாற்றி அச்சடித்தான். விடிவதற்குள் பஸ் நிலையம் முழுக்க ஒட்டினான். கீழே கொட்டை எழுத்தில்: 'வடிவமைப்பு: கொரொய்'.

சனிக்கிழமை காலை கொட்டகைக் கூட்டம் மொத்தமும் பெயிண்டும் தூரிகையுமாகப் பஸ் நிலையத்தில் இறங்கியது. பலகை எழுதுகிறவர்கள் அவன் பெயரை வெள்ளையடித்து மறைத்தார்கள். அக்கா ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதிக்கொண்டே போனாள். சந்தைக்கு வந்த சனம் கூடிவிட்டது.

கொரொய் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஏய்! யாரக் கேட்டு?"

"தவுவோட சுவரொட்டி என் சுவரொட்டிதானே?" என்றாள் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கோவமா?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தாக வேண்டியிருந்தது. பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. ஒரு மன்னிப்பு கேட்கவில்லை, இன்றுவரை.

திங்கட்கிழமை சூப்பர்மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அக்காவுக்கு வேலை இருக்கிறது, வர மாட்டாள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். உள்ளே அவள் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை விலக்கிக்கொண்டிருந்தாள்.