ரயில் வராத ஊரின் ஸ்டேஷன் ஓவசியர்

ஆதம்பாவா ஓவசியர் மௌத்தான செய்தி லுஹர் பாங்குக்குச் சற்று முன் பள்ளி ஒலிபெருக்கியில் வந்தது. நான் கல்முனைக் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். “கொழும்ப நம்மட ஊருக்குக் கொண்டுவந்த மனிசன்” என்று பக்கத்து மேசைக்காரர் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னாலில்லாஹி சொல்லிவிட்டுத்தான் சிரித்தேன்.

அவர் கொண்டுவந்தது கொழும்பை அல்ல, கோட்டை ரயில் நிலையத்தின் முகப்பை. இளமையில் ரயில்வேயின் கட்டட வேலைப் பகுதியில் மேற்பார்வை பார்க்கும் ஓவசியராக இருந்தவர். ஊர் திரும்பி வீடு கட்டும் கொந்தராத்து எடுக்கத் தொடங்கியதும், மகளுக்குச் சீதன வீடு கட்டுகிறவர்களெல்லாம் அவரிடம் ஓடினார்கள். நம் பக்கத்தில் வீடு இல்லாத பெண்ணுக்குக் காவின் இல்லை, கலியாணமே இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிட, இங்கே வீதிக்கு வீதி ஸ்டேஷன் முளைத்தது. உயர்ந்த முன்சுவர், வளைவுகள், உச்சியில் ஒரு வட்டம், அதற்குள் வர்ணத்தால் எழுதிய மணிக்கூடு. பின்னால் கோழிக்கூடு மாதிரி இரண்டு அறைகள். வெள்ளைக்காரன் தன் நாட்டு ஸ்டேஷன் ஒன்றைப் பார்த்துத்தான் கோட்டையைக் கட்டினான் என்பார்கள். பிரதிக்குப் பிரதி எடுத்த பெருமை நமக்கு.

“வீதியால போறவன் நிண்டு பாக்கணும். அதுதான் வீடு” என்பார் ஓவசியர்.

எனக்கு மூத்தவளான எங்கள் ராத்தாவின் வீடும் அப்படித்தான் நின்றது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை பறந்தது, அறைகள் சரிந்தன. விடிந்து பார்த்தால் முன்சுவர் மட்டும் எழுதிய மணிக்கூட்டோடு நிற்கிறது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, “ஓவசியர்ட வேலைய பாத்தீங்களா, அசையல்ல!” என்றார்கள். ஊரின் புத்தியை நான் அன்று அளந்துகொண்டேன். அடுத்த மாரியில் அதே சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து, ராத்தா போட்டிருந்த குடிசையின் மேல் விழுந்தது. அவளுடைய இடது கால் இன்றும் நேராகவில்லை.

பிறகொரு முறை பள்ளிக்கூட வேலையாகக் கொழும்புக்குப் போனேன். கோட்டையில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த நிலையத்தை ஒழுங்காகப் பார்த்தேன். முகப்பு பெரிய விசயமில்லை. அதன் பின்னே, இரும்புத் தூண்களின் மேல் மேடைக்கு மேடை நீண்டு போகும் கூரைதான் விசயம். பிள்ளைக்குப் பாலூட்டுகிறவளும், மூட்டையில் தலைவைத்துத் தூங்குகிறவனுமாக அத்தனை சனமும் நனையாமல் இருந்தது.

ஊர் வந்ததும் நேரே அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். “கூரைய விட்டுப்போட்டு மூஞ்ச மட்டும் கொண்டுவந்திருக்கீங்களே, ஓவசியர்!”

அவர் கூசவேயில்லை. “மாஸ்டர், அந்தக் கூரையில ஏறி வேல செஞ்சவன் நான். எனக்குத் தெரியாதா? இந்த ஊரில ஒரு ஆளாவது கூரையப் பத்தி எங்கிட்டக் கதைச்சிருக்கா? ஒங்கட வாப்பாவும் மூஞ்சத்தான் கேட்டாரு.”

தெரியாமல் செய்தவர் என்றால் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்தவர் என்றதும் மிச்சமிருந்த மரியாதையும் போனது.

ஆனாலும் தங்கச்சியின் வீட்டை அவரிடமே கொடுத்தேன். கூரை கட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே. முகப்பே வேண்டாம் என்றேன். இரும்புத் தூண் நாட்டி, தாழ்வாரத்தை அகல இறக்கி, யானை மோதினாலும் ஆடாத கூரை ஒன்றைக் கட்டித் தந்தார். மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, மூஞ்சி எங்க? எண்ட மகன் மாட்டுக் கொட்டிலுக்குள்ளயா வந்து இரிக்கிற?” என்றார். முகப்பில்லாமல் காவின் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் உம்மா அழுதார். அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நான் குதித்தேன். தங்கச்சிதான், “மூஞ்சிதானே காக்கா. வெச்சிடுங்க” என்றாள். அவளுக்கு அந்தப் பெடியனைப் பிடித்திருந்தது.

ஓவசியரிடம் மறுபடி போய் நின்றேன். “பாத்தீங்களா, மாஸ்டர்” என்று மட்டும் சொன்னார். சிரித்த சிரிப்பை இன்றுவரை நான் மறக்கவில்லை. சுவர் எழுந்தது, மணிக்கூடும் எழுதியாயிற்று. மாப்பிள்ளையின் உம்மா அதன் கீழே நின்று சாரியைச் சரிசெய்துகொண்டார்.

காவின் முடிந்த பிறகுதான் நான் கவனித்தேன். சுவர் வீட்டைத் தொடவேயில்லை. நடுவில் ஒரு முழம் விட்டு, உள்பக்கத்தில் மட்டும் முட்டுக் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“விழுந்தா வீதிக்குத்தான் விழும், மாஸ்டர். நிண்டு பாக்கிறவண்ட தலையில. உள்ள இரிக்கிற புள்ளைக்கு ஒண்டும் வராது.”

நேற்று ஜனாஸாவுக்குப் போன கூட்டம் தங்கச்சி வீட்டின் முன் நின்று, அண்ணாந்து, அவருடைய திறமையைப் புகழ்ந்தது. நான் அங்கே நிற்கவில்லை. பின்னால் போய் அந்த ஒரு முழ இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இன்னும் வீட்டோடு ஒட்டாமல்தான் நிற்கிறது. தாழ்வாரத்தில், இப்போது தங்கச்சியோடு இருக்கும் ராத்தா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு முழம் எனக்குப் போதும்.