கட்டுக்கு வெளியே நகம்

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம், சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு பொம்மிடியிலிருந்து திரும்பும்போது மொபெட் சறுக்கி விழுந்தேன். கைப்பிடியை நான் விடவில்லை. வலது கட்டைவிரல்தான் அடிமூட்டிலிருந்து விலகியது. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து உள்ளே அமர்த்தி, மீண்டும் நழுவாதிருக்கக் கம்பி செருகி, மாவுக்கட்டுப் போட்டார். சேணத்தின் மேல் ஆள் அமர்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்த எலும்புகள் அவை என்றார். இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த உவமையை ரசித்தேன். ஆறு வாரம் எதையும் பிடிக்கக் கூடாது என்றதை ஏற்கவில்லை.

என் மனைவி இறந்தபின் வரும் முதல் திருநாள் அது. அவள் கல்லறைக்கு நானே வெள்ளையடிப்பதென்று தீர்மானித்திருந்தேன். ஓசூரிலிருந்து வந்த மகளின் தீர்மானம் வேறு: திருநாள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தன்னோடு அழைத்துப்போவது. சாவியைத் திருகவும் முடியாத கை அவளுக்குப் போதிய சான்றாயிற்று.

“ஆள் சொல்லியிருக்கேனுங்க மாமா, அரைமணியில அடிச்சிருவான்,” என்றான் மனைவியின் தம்பி.

“இடது கை இருக்குதில்ல.”

“அந்தக் கையில நீங்க காபி குடிச்சதப் பார்த்தேனுங்களே. சட்டையக் கேளுங்க, சொல்லும்.”

அடித்தேன். கோடுகோடாக விழுந்தது. “அக்காவுக்கு வரிக்குதிரை கட்டி வெச்சிருக்கீங்க,” என்றான். மறுபடியும் அடித்தேன்.

உறங்குமுன் ஒருவர் நெற்றியில் மற்றவர் கட்டைவிரலால் சிலுவை வரைவது எங்கள் வழக்கம். சவப்பெட்டியை மூடுமுன்னும் வரைந்தேன். திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்து நகர்ந்ததும், கல்லின் தலைமாட்டருகே குனிந்தேன். மகள் என் முழங்கையைப் பற்றினாள்.

“அப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?”

“புடிக்கக் கூடாதுன்னாரு. தொடக் கூடாதுன்னு சொல்லல.”

கட்டுக்கு வெளியே நகமும் விரல்நுனியும் மட்டும் தெரிந்தன. அழுத்தி வரைந்தேன். வலி முழங்கைவரை ஏறியது. சிலுவை முடியுமட்டும் கையை எடுக்கவில்லை.

வீடு திரும்பியபோது என் பெட்டி அவள் காரில் இருப்பதைக் கண்டேன்.

“எறக்கி வை, கண்ணு.”

“யாருப்பா சமைப்பாங்க?”

“உப்புமாவ இடது கையிலயும் கிண்டலாம்.”

“உங்க உப்புமாவுக்குப் பயந்துதானே அம்மா காய்ச்சல்லயும் எந்திரிச்சு...”

பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் காரருகிலிருந்து நகரவில்லை. சற்று நேரம் கழித்து அவளே பெட்டியை இறக்கித் தூக்கிவந்தாள். காற்றில் மூடிக்கொள்ளப் பார்த்த கதவை, அவள் உள்ளே போகும்வரை, இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.