விளக்கெண்ணெய் ஸ்டாண்டு

என் ஸ்கூட்டரை என்னிடமிருந்து வாங்கி ஸ்டாண்டு வரிசையில் நிறுத்தியதும், ஏகநாதன் அதன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து கறுப்புச் சீப்பை எடுத்து, முன்னாலிருந்து பின்னால் நாலு இழுப்பு இழுப்பார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். பிறகு திருப்தியோடு சீப்பைப் பைக்குள் செருகுவார். இதில் ஒரே ஒரு சங்கடம்தான். அவர் தலையில் சீவுவதற்கு ஒன்றுமே கிடையாது.

நெற்றியில் தொடங்கிப் பிடரி வரைக்கும் வெட்டவெளி. அதன்மேல் விளக்கெண்ணெய் தகதகவென்று மின்னும். எண்பதுகளில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே அவர் வைத்திருந்த சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு பெயர்ப்பலகையும் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. 'விளக்கெண்ணெய் ஸ்டாண்டு' என்றால்தான் தெரியும்.

அவர் கொடுக்கும் அட்டை டோக்கனில் எண் இருக்கிறதோ இல்லையோ, கட்டைவிரல் ரேகை இருக்கும். அவசரத்தில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பீச் ஸ்டேஷன் ரயிலைப் பிடித்தால், ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பையில் காசளவு எண்ணெய்க் கறை விழுந்திருக்கும். என் மனைவி சோப்பு, சோடா எல்லாம் போட்டுப் பார்த்தாள். மசியவில்லை. யாருடைய சைக்கிள் பூட்டாவது துருப்பிடித்து மக்கர் பண்ணினால் ஏகநாதன் எண்ணெய்க் குப்பியைத் தேடிப் போகமாட்டார். உச்சந்தலையில் விரலை ஒற்றி, சாவித்துவாரத்தில் தடவுவார். பூட்டு திறந்துகொள்ளும்.

"தேங்காண்ண சும்மா வாசனைக்கு சார். வெளக்கெண்ணதான் வேர்ல போயி குந்திக்கும். கொஞ்சம் டைம் எடுக்கும், அவ்ளோதான்" என்பார்.

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து தடவிக்கொண்டிருந்தார். அந்தக் 'கொஞ்சம் டைம்' இன்னும் முடியவில்லை.

இரும்புலியூரில் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. கொல்லைப்புறத்தில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான் நடுவில். சனிக்கிழமை காலையில் நான் பம்படிக்கப் போனால் அந்தப் பக்கம் காட்சி தொடங்கியிருக்கும். ஏகநாதன் துண்டோடு மணைமேல் உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி தனக்கோடி அக்கா கரண்டியில் எண்ணெயைச் சுட வைத்து உச்சியில் ஊற்றிப் பரபரவென்று தேய்ப்பார்.

"யோவ், அசையாத குந்து. இங்க பொடிசா ஒண்ணு மொளைக்குதுய்யா."

"நெஜமாவா?"

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு இன்னா வரப்போவுது?"

வாரா வாரம் இதே பேச்சு. வாரா வாரம் அவர் முகம் மலரும். விளக்கெண்ணெய் லேசில் போகாது. சீயக்காய் போட்டாலும் கூடுதலாக ரெண்டு பக்கெட் தண்ணீர் கேட்கும். கோடையில் பம்பு வெறும் காற்றைக் கக்கி, தெருவே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போதுகூட, அந்த ரெண்டு பக்கெட்டை அக்கா எப்படியோ ஒதுக்கி வைத்துவிடுவார். முளைக்கவே முளைக்காத முடிக்கு இத்தனை தண்ணீரா என்று எனக்கு எரிச்சல்கூட வந்ததுண்டு.

அக்காவுக்கோ இடுப்பைத் தாண்டிய கூந்தல். அதே விளக்கெண்ணெய், அதே கரண்டி. "எங்க வூட்டுக்குன்னு எழுதின முடி மொத்தமும் அவகிட்டயே போயிடுச்சி சார்" என்று ஏகநாதன் சொல்லும்போது குரலில் பொறாமை இருக்காது. பெருமைதான் இருக்கும்.

தொண்ணூற்றிரண்டில் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மிச்சத்தை அவரே கத்தரித்துப் போட்டுவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். லாரி வந்தால் ஏகநாதன்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். பெருங்களத்தூரிலிருந்து அக்காவின் தங்கை லோகநாயகி வந்து, ஆவணியில் தன் மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைத்தபோது, அக்கா உள்ளேயிருந்தே சொன்னார்: "சபையில வந்து மொட்டச்சியா நிக்க என்னால ஆவாது. முடி வந்தா வரேன்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஸ்டாண்டு தாமதமாகத் திறந்தது. மணையில் அக்கா உட்கார்ந்திருப்பார். ஏகநாதன் எண்ணெயைச் சுட வைத்து, உள்ளங்கையில் சூடு பார்த்து, குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத் தேய்ப்பார்.

"இங்க பொடிசா ஒண்ணு மொளைக்குது" என்றார் ஒருநாள்.

"பொய் சொல்லாதய்யா. இத்தினி வருசமா உனக்கு நான் சொன்ன பொய்யி, எனக்கே சொல்றியா?"

"அது பொய்யின்னு எனக்குத் தெரியாதா?" ஏகநாதன் கை நிற்கவில்லை. "நீ சொல்றது கேக்க நல்லா இருந்திச்சி. கேட்டுகினு இருந்தேன்."

எனக்குப் பம்படிக்கக் கை வரவில்லை. சத்தம் போடாமல் காலிக் குடத்தோடு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் பார்த்தது பொய்யில்லை. ஆடி பிறந்தபோது அக்காவின் தலையில் கறுப்பாகப் பூசியதுபோல இருந்தது. ஆவணியில் ஒரு விரற்கடை வளர்ந்து, எண்ணெயில் படிந்து கிடந்தது.

கல்யாணத்தன்று காலை, வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பட்டுப்புடவையில் படியிறங்கி வந்தார். தெருவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கை தானாக முந்தானையை இழுத்துத் தலையில் போட்டது.

"நான் வரல. நீ போய்ட்டு வா."

 ஏகநாதன் என் ஸ்கூட்டரின் கண்ணாடியை அக்காவின் முகத்துக்கு நேராகத் திருப்பினார். முந்தானையை மெல்ல எடுத்துத் தோளில் விட்டார். பையிலிருந்து சீப்பை எடுத்து, அந்தக் குட்டை முடியை நடுவில் பிரித்து, வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் பதமாகச் சீவினார். அக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சீப்பின் பல்லில் சின்னதாக ஒரு முடி சிக்கியிருந்தது. அத்தனை வருஷத்தில் அந்தச் சீப்பில் நான் பார்த்த முதல் முடி. ஏகநாதன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உதறாமல், ஊதாமல், சீப்பை அப்படியே சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.